சட்டம் காலாவதியான மறுநாள்: ஒரு சின்ன ஆராய்ச்சிக் கம்பெனியின் அனுபவம்

அமெரிக்காவில் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக் கம்பெனி ஆரம்பித்து, மத்திய அரசு சின்ன கம்பெனிகளின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் எஸ்பிஐஆர் நிதியை வைத்து அதை வளர்க்கலாம் என்று நினைக்கிற தமிழர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக லேபிலிருந்து வெளியே வருகிறவர்கள், பெரிய கம்பெனியில் பத்து வருடம் இருந்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யத் துடிப்பவர்கள். அந்த நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிதியே ஒருநாள் நின்றுபோனால் சம்பளத்துக்கு என்ன செய்வது, அதைத் திரும்ப வரவைக்க யாரிடம் போய் என்ன பேசுவது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. 2025-இன் கடைசி மாதங்களை நான் எப்படிக் கடத்தினேன் என்பதை, கையிலிருந்து போன பணத்தையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்து இந்த வழியில் வருகிறவருக்கு ஒரு மாதச் சம்பளமாவது மிச்சமானால் சரி.

நான் வேதியியல் படித்தவள். ஒஹாயோவில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 2014 ஆகஸ்டில் டொலிடோவில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு, நகரத்துக் குடிநீரிலேயே கலந்துவிட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்ணீர் இல்லை. கொதிக்கவைத்தால் நச்சு இன்னும் செறிவாகும் என்பதால் காய்ச்சிக் குடிக்கவும் வழியில்லை. அப்போது என் மகள் கைக்குழந்தை. பால் பவுடர் கலக்கத் தண்ணீர் தேடிப் பக்கத்து மாநிலம் வரை வண்டி ஓட்டிய பயம் இன்றைக்கும் போகவில்லை. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஒரு லிட்டரில் 0.3 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சுற்றுச்சூழல் முகமை 2015-இல் சொன்ன அளவு. அவ்வளவு சின்ன அளவைக் கண்டுபிடிக்க லேப் பரிசோதனைக்கு மணிக்கணக்கில் ஆகும். அதைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்திலேயே, ஒரு சின்னச் சோதனைப் பட்டையில் சில நிமிடங்களில் சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கம்பெனியின் ஒரே வேலை.

இந்த மாதிரி வேலைக்கு வங்கி கடன் தராது. பொருள் தயாராவதற்கு முன்னால் முதலீட்டாளரும் எட்டிப் பார்க்க மாட்டார். எஸ்பிஐஆர் அந்த இடத்துக்காகவே உண்டானது. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் 1977-இல் சின்ன அளவில் தொடங்கியதை, 1982-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாக்கியது. வெளியாருக்கு ஆராய்ச்சி நிதி கொடுக்கும் மத்திய அரசு அமைப்புகளில், அந்த நிதி வருடத்துக்கு 10 கோடி டாலரைத் தாண்டுகிற ஒவ்வொன்றும் அதில் 3.2 சதவீதத்தைச் சின்ன கம்பெனிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். 2025-இல் 11 அமைப்புகள், எஸ்டிடிஆர் என்ற தம்பித் திட்டத்தையும் சேர்த்து வருடத்துக்கு 400 கோடி டாலருக்கு மேல். கம்பெனியில் அரசுக்குப் பங்கு கிடையாது, கடனாகத் திருப்பவும் வேண்டாம், கண்டுபிடிப்பும் நம்முடையதே. இதைவிட நல்ல பணம் உலகத்தில் எங்கும் கிடையாது என்பது என் கருத்து. அதனால்தான் அது நின்றபோது அவ்வளவு வலித்தது.

தகுதி விதிகளில் நம்மவர்களுக்கு முக்கியமானவை இரண்டு. கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமோ இருக்க வேண்டும். ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு முழுக் கம்பெனியையும் நீங்களே வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது. இரண்டாவது, எஸ்பிஐஆரில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்குபவரின் முதன்மை வேலை அந்தக் கம்பெனியில்தான் இருக்க வேண்டும். நான் அதற்காகவே பல்கலைக்கழக வேலையை விட்டேன். ஃபேஸ் ஒன் என்ற முதல் கட்ட நிதி 2023-இல் கிடைத்தது, 2,75,000 டாலர். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை, அங்கே எங்கள் திட்ட அதிகாரி கடைசிவரை நேர்மையாக நடந்துகொண்டார். ஒரு விஞ்ஞானி, ஒரு டெக்னீஷியன், நான் என மூன்று பேர். ஒரு பழைய தொழிற்கூடத்தின் பின்பக்கத்தில் மாதம் 2,400 டாலர் வாடகைக்கு ஓர் அறை. பட்டைகளின் மேல்பூச்சு ஈரக் காற்றில் உரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தொகுதியையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே மார்க்கரில் தேதியும் அன்றைய ஈரப்பதமும் எழுதி அலமாரியில் அடுக்கினோம். அந்த டப்பாக்கள் ஒரு சுவர் முழுக்க நிறைந்த பிறகுதான் பூச்சு உரியாமல் நின்றது.

இடையில் வரி என்று ஒன்று வந்தது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எஸ்பிஐஆர் பணம் கம்பெனிக்கு வருமானமாகக் கணக்கில் வரும். செலவைக் கழித்தால் லாபம் பூஜ்யம், வரியும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2022 முதல் ஆராய்ச்சிச் செலவை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, ஐந்து வருடத்துக்குப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும் என்று விதி மாறியிருந்தது. முதல் வருடம் பத்தில் ஒரு பங்குதான் கழிவு. சம்பளமாகக் கொடுத்து முடித்த பணத்துக்கு 31,000 டாலர் வரி கட்டச் சொன்னபோது கணக்காளரிடம் நான் சத்தம் போட்டுவிட்டேன், பாவம் அவர் என்ன செய்வார். அந்த விதியை மாற்றச் சொல்லி நாடு முழுவதும் சின்ன கம்பெனிக்காரர்கள் விடாமல் காங்கிரஸ் அலுவலகங்களைத் தட்டினார்கள். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தில் உள்நாட்டு ஆராய்ச்சிக்கு அந்த விதி போயிற்று. சின்ன கம்பெனிகள் பழைய வருடங்களின் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யவும் வழி வைத்தார்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, உங்களுக்கும் இப்படி வரி போயிருந்தால் அது முடிந்துவிட்டதா என்று கணக்காளரைக் கேளுங்கள். சாதாரண ஆட்கள் போய்ப் பேசிச் சட்டம் மாறும் என்று நான் முதன்முதலில் நம்பியது அப்போதுதான்.

ஃபேஸ் டூ என்ற இரண்டாம் கட்ட நிதிக்கான விண்ணப்பம் 2024 கடைசியில் போனது. மதிப்பீடு தள்ளித் தள்ளிப் போய், 2025 கோடையில்தான் நிதிக்குப் பரிந்துரைத்திருப்பதாகத் தகவல் வந்தது. மகிழ்ச்சியில் டெக்னீஷியனுக்கு முழு நேர வேலை கொடுத்தேன். இங்கே எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம், பரிந்துரை வேறு, விருது வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை அது பணமில்லை. அதைவிடப் பெரிய விஷயம், எஸ்பிஐஆர் நிரந்தரச் சட்டமில்லை. அதற்குக் காலாவதித் தேதி உண்டு, காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். 2008-இலிருந்து 2011 வரை சில மாதங்களுக்கு ஒருமுறை குட்டிக் குட்டியாக நீட்டித்தே ஓட்டினார்கள். 2011 கடைசியில் ஆறு வருடம் போல நீட்டினார்கள், அப்புறம் 2022 வரை. 2022-இல் கடைசி நாளான செப்டம்பர் 30 அன்றுதான் மூன்று வருட நீட்டிப்பு கையெழுத்தானது. அடுத்த காலாவதி 2025 செப்டம்பர் 30. யாரைக் கேட்டாலும், போன தடவை மாதிரி கடைசி நாளில் முடிந்துவிடும் என்றார்கள்.

முடியவில்லை. பிரதிநிதிகள் சபை செப்டம்பரில் ஒரு வருட நீட்டிப்பை நிறைவேற்றிவிட்டது. செனட்டில் உடன்பாடு வரவில்லை. அக்டோபர் 1 அன்று திட்டத்தின் சட்ட அதிகாரமே போய்விட்டது. அதே நாளில் அரசு முடக்கமும் தொடங்கியதால், பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள், என் குழுவும்தான். நவம்பர் 12-இல் முடக்கம் முடிந்தபோது என் விஞ்ஞானி, "இனி நம்ம பணம் வந்துடும் இல்லையா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். வராது. முடக்கம் என்பது செலவுக்கு அனுமதி இல்லாதது. காலாவதி என்பது இந்தத் திட்டத்துக்கே சட்டம் இல்லாதது. அலுவலகங்கள் திறந்தன, அதிகாரிகள் திரும்பி வந்தார்கள், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஓடின, ஆனால் புதிய விருது கிடையாது. எங்கள் கோப்பு பரிந்துரைக்கப்பட்ட நிலையிலேயே நின்றது. இதை அவரிடம் விளக்கிச் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு பிசைகிறது. நிராகரித்திருந்தால்கூட வேறு வழி பார்த்திருப்போம். தேறிவிட்டோம் என்று சொன்ன பிறகு காத்திருப்பது வேறு வகை வேதனை.

பணக் கணக்கைச் சொல்கிறேன். சம்பளம், சம்பள வரி, மருத்துவக் காப்பீடு, வாடகை, ரசாயனம் எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 27,000 டாலர், அதுவும் நான் சம்பளம் எடுக்காமல். வங்கியில் இருந்தது அக்டோபரோடு தீர்ந்தது. வீட்டின் மேல் எடுத்த கடன் 85,000 டாலர். என் கணவர் அதற்குக் கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "போடறேன், ஆனா எது வரைக்கும்னு ஒரு தேதி சொல்லு." என்னால் சொல்ல முடியவில்லை. காங்கிரசின் தேதி என் கையிலா இருக்கிறது? அன்று இரவு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மார்ச் 31. அதற்கு மேல் வீட்டிலிருந்து ஒரு டாலரும் எடுப்பதில்லை. அந்தத் தேதியைக் குழுவிடமும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. உங்களுக்கும் அதையே சொல்வேன்: எந்தத் தேதிவரை தாங்குவீர்கள் என்பதைக் கடனை எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள், கூட வேலை செய்பவர்களிடம் மறைக்காதீர்கள்.

என் விஞ்ஞானி ஹெச்-1பி விசாவில் இருந்தார். வேலை இல்லை, இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இருங்கள் என்று அவரிடம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. நம் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தில் எழுதிய சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் முறைப்படி வேலையிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் அவருக்கு வேறு வேலை தேட 60 நாள்தான். சின்ன குழந்தை இருக்கிற குடும்பம். நானே அவருக்குத் தெரிந்தவர்களிடம் போன் செய்து பேசினேன். நவம்பர் கடைசியில் பாஸ்டனில் வேலை கிடைத்துப் போனார். இரண்டு வருடம் பூச்சோடு போராடிய கை அவருடையது. ஃபேஸ் டூ நாளைக்கே வந்தாலும் அந்தக் கை இனி இல்லை. டெக்னீஷியன் அரை நேரத்துக்குச் சம்மதித்தார். இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சில மாத இடைவெளிதானே என்கிறார்கள். இடைவெளியில் போவது பணம் மட்டுமில்லை, ஆட்கள்.

அக்டோபர் நடுவில், வெர்ஜீனியாவில் இருபது வருடமாக இதே மாதிரி கம்பெனி நடத்தும் ஓர் அண்ணாவுக்குப் போன் செய்து புலம்பினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, உங்க தொகுதி ஆபீஸ்ல யாருக்காவது உன் கம்பெனி இருக்குன்னு தெரியுமா?" என்றார். தெரியாது. "செனட்டர் ஆபீஸ்ல?" அங்கேயும் தெரியாது. "அப்புறம் யாருக்காக அவங்க இதைத் தலைமேல போட்டுக்கணும்? நீ போய் உட்காரு. அழாத, திட்டாத, கணக்கைச் சொல்லு." அந்த ஒரு போன்தான் எனக்குத் திருப்பம்.

போவதற்கு முன்னால் அவர் சொன்ன எச்சரிக்கை ஒன்று மிக முக்கியம். மத்திய அரசு கிராண்ட் பணத்தை, சட்டத்தை மாற்றச் சொல்லிப் பேசும் வேலைக்குச் செலவு செய்யக் கூடாது. பயணச் சீட்டு மட்டுமில்லை, அந்த வேலைக்குப் போன உங்கள் நேரத்தையும் கிராண்ட் கணக்கிலோ பொதுச் செலவுக் கணக்கிலோ எழுதக் கூடாது. நேரக் குறிப்பேட்டில் அதற்குத் தனிப் பதிவு போட்டு, செலவை என் சொந்த அட்டையில் போட்டேன். பின்னால் தணிக்கை வந்தால் இந்த ஒரு பதிவு உங்களைக் காப்பாற்றும். மற்றபடி குடிமகளாகப் போய் என் பிரதிநிதியிடம் பேச எனக்கு முழு உரிமை உண்டு. குடியுரிமை இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் கம்பெனி நடத்துபவராக நீங்கள் போய்ப் பேசலாம். நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கெதற்கு இது என்று கூசிக்கொண்டு பலர் ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் வளர்ந்தவள். ஆனால் அந்த அறைக்குள் நம் உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எந்த ஊர், எத்தனை பேருக்கு வேலை, இதைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருப்பவர்கள் விசா, பாஸ்போர்ட், சமூகப் பாதுகாப்புப் பணம் மாதிரி தனிநபர் பிரச்சினைகளைப் பார்ப்பவர்கள். அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் மசோதா பற்றிப் பேச வேண்டியவர் வாஷிங்டனில் இருக்கும் சட்ட உதவியாளர். அவர் பெயரையும் மின்னஞ்சலையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் எழுதித் தபாலில் அனுப்புவது வீண். 2001-இல் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் வந்ததிலிருந்து காங்கிரஸ் கட்டடமான கேபிடலுக்குப் போகும் தபால் எல்லாம் சோதனைக்குப் போய்த் தாமதமாகத்தான் சேரும். மின்னஞ்சல், போன், அப்புறம் நேரில். ஆகஸ்டில் காங்கிரஸ் விடுமுறையில் உறுப்பினர்கள் தொகுதியிலேயே இருப்பார்கள். அப்போது லேபுக்கு அழைத்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம். செப்டம்பர் 30-இல் காலாவதியாகிற சட்டத்துக்கு ஆகஸ்ட்தான் சரியான மாதம். அக்டோபரில் தட்டுகிறவருக்கு வரிசையில் கடைசி இடம்தான்.

சட்ட உதவியாளரோடு முதல் காணொலிப் பேச்சில், பட்டை எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் நடுவில் நிறுத்தி, மரியாதையாக, "இது நின்றதால் எங்கள் தொகுதியில் என்ன நடந்தது?" என்று கேட்டார். இருபத்தைந்து வயது இருக்கும். விவசாயம், சிறுதொழில், தொலைத்தொடர்பு எல்லாம் அவர் ஒருவர் தலையில். அன்று இரவே என் காகிதத்தைத் திருப்பி எழுதினேன். ஒரே பக்கம். மேலே கம்பெனி பெயர், மாவட்டம், ஜிப் கோடு. அடுத்து மூன்று வாக்கியம்: எவ்வளவு பணம் வந்தது, அதில் எவ்வளவு இந்த மாவட்டத்திலேயே சம்பளமாகப் போனது, செப்டம்பருக்குப் பிறகு யார் வேலை போனது. அதற்குக் கீழே ஏரி, 2014, குழந்தைகளின் தண்ணீர். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரே வேண்டுகோள், மசோதாவின் பெயரோடு. அறிவியல் இரண்டு வரிக்கு மேல் இல்லை. அவர் அதை அப்படியே தன் மேலதிகாரிக்கு அனுப்ப முடிய வேண்டும், அதுதான் அளவுகோல்.

குவால்காம், ஐரோபாட் எல்லாம் எஸ்பிஐஆரில் வளர்ந்தவை என்று பலர் ஆரம்பிப்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கதைகளை அந்த அலுவலகங்கள் நிறையவே கேட்டிருக்கின்றன. மாறாக, எங்களுக்குச் சோதனைக்கு இடம் கொடுத்து உதவிய, ஓய்வுபெற்ற தண்ணீர் நிலைய இயக்குநர் ஒருவர், தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாசி வரும் மாதங்களில் ஒவ்வொரு ராத்திரியும் லேப் முடிவுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நாலு வரி. அதற்கு வந்த பதில் அழைப்பின் வேகத்தை நான் வேறு எதற்கும் பார்க்கவில்லை. பணம் வாங்குகிறவர் பேசுவதைவிட, அந்தப் பொருள் வேண்டும் என்கிறவர் பேசுவது கனம். உங்கள் பொருளை நாளைக்குப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவரையாவது உங்களோடு பேச வையுங்கள்.

டிசம்பரில் வாஷிங்டன் போனேன். சபை அலுவலகங்களுக்குக் கேபிடல் சவுத் மெட்ரோ, செனட் பக்கத்துக்கு யூனியன் ஸ்டேஷன். இரண்டுக்கும் நடுவே நல்ல நடை, அதனால் ஒரே மதியத்தில் இரண்டு பக்கமும் நேரம் வாங்காதீர்கள். பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்துதான், சில சமயம் தாழ்வாரத்தில் நின்றுகொண்டே. பையில் ஒரு டப்பா பட்டைகளைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றைக் கையில் கொடுத்தால் மற்ற பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், கண்ணால் பார்த்தேன். செனட் பக்கத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நீங்கள் கட்டாயம் தயாராகப் போக வேண்டும்: "அப்படியென்றால் நீங்கள் சீர்திருத்தத்துக்கு எதிரா?" தகராறின் மையமே அது. திரும்பத் திரும்ப விருது வாங்கியே காலம் தள்ளும் கம்பெனிகளுக்கு உச்சவரம்பு வேண்டும், வெளிநாட்டுத் தொடர்புச் சோதனை இன்னும் கடுமையாக வேண்டும் என்று ஒரு தரப்பு. இருப்பதை அப்படியே நீட்டுங்கள் என்று மறு தரப்பு. நான் சொன்னது இதுதான்: புதிதாக வருகிற கம்பெனிகளுக்கு அதிக இடம் கிடைக்கும் எந்தத் திருத்தத்தையும் நான் வரவேற்பேன், ஆனால் பேசி முடிக்கும்வரை திட்டத்தை ஓடவிடுங்கள், நிறுத்தினால் முதலில் சாவது நீங்கள் காப்பாற்ற நினைக்கும் புதியவர்கள்தான். அவர் அதை எழுதிக்கொண்டார். எந்தக் கட்சி அலுவலகமானாலும் இதே வாக்கியத்தைச் சொன்னேன். இந்தப் பிரச்சினையில் கட்சி பார்த்துப் பேச்சை மாற்றினால் நம்பிக்கை போய்விடும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்பவர்கள்.

வெளிநாட்டுத் தொடர்பு பற்றி ஒரு வார்த்தை. 2022 சட்டத்திலிருந்து விண்ணப்பத்தோடு தொடர்புகளை வெளிப்படுத்தும் படிவம் உண்டு. சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகியவற்றோடான தொடர்புதான் முக்கியக் கவலை. ஆனாலும் இந்தியாவில் கூட்டு ஆராய்ச்சியோ ஆலோசகர் பதவியோ இருந்தால், கேட்ட இடத்தில் முழுதாக எழுதுங்கள். எழுதியதால் யாருக்கும் விருது போனதாக நான் கேட்டதில்லை, மறைத்தால் சிக்கல் நிச்சயம்.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. மத்திய அரசுப் பணம் வாங்கத் தேவையான சாம் பதிவை வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கம்பெனி முகவரி மாநிலப் பதிவோடு ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலும் வாரக்கணக்கில் இழுக்கும். நிதி திரும்பும் நாளில் பதிவு காலாவதியாகிக் கிடந்தால் அதைவிடக் கொடுமை இல்லை, ஆகவே இப்போதே புதுப்பியுங்கள். அதற்குப் பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள், பதிவு இலவசம். ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் என்ற அரசு ஆதரவு மையங்கள் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு, இலவசமாக உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள். கென்டக்கி, வட கரோலினா போன்ற சில மாநிலங்கள் எஸ்பிஐஆர் விருதுக்கு இணையாக மாநிலப் பணமும் தருகின்றன, உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். ஃபேஸ் ஒன் பட்ஜெட் போடும்போது 7 சதவீதம் வரை லாபம் என்று ஒரு தொகை சேர்க்கப் பல அமைப்புகளில் அனுமதி. அதைக் கூச்சப்பட்டு விடாதீர்கள், எங்களுக்கு ஒரு மாத வாடகையும் டெக்னீஷியன் சம்பளமும் அந்தத் தொகையிலிருந்துதான் வந்தது. ஃபேஸ் ஒன்னுக்கும் டூவுக்கும் நடுவில் எப்படியும் மாதக்கணக்கில் பணம் இருக்காது, சட்டம் உயிரோடு இருக்கும் வருடங்களிலும். ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் ஃபேஸ் டூவை நம்பி யாரையும் வேலையை விட்டு வரச் சொல்லாதீர்கள்.

இதை எழுதுகிற 2025 டிசம்பர் கடைசியில் சட்டம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. பாதுகாப்புத் துறை மசோதாவோடு சேர்த்து நிறைவேற்றிவிடுவார்கள் என்று நம்பியிருந்தோம், அதிலும் வரவில்லை. என் டெக்னீஷியன் காலை நேரம் மட்டும் வருகிறார். ஏரியிலிருந்து எடுத்து உறைய வைத்த மாதிரிகளில் பட்டைகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம், மார்ச் 31 வரை.

இப்படித் திட்டம் காலாவதியாகி நிற்கும்போது உங்கள் தொகுதி பிரதிநிதிக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் போன் செய்யுங்கள். கேபிடல் பொது எண்ணில் ஜிப் கோடு சொன்னால் இணைத்துவிடுவார்கள். எடுப்பவர் பயிற்சி மாணவராக இருக்கலாம், பரவாயில்லை, எத்தனை அழைப்பு வந்தது என்று பல அலுவலகங்களில் குறித்துவைக்கிறார்கள். உங்கள் பெயர், ஊர், ஜிப் கோடு, கம்பெனியில் எத்தனை பேர், எஸ்பிஐஆர் நின்றதால் என்ன நின்றது, நீட்டிப்புக்கு உறுப்பினர் ஆதரவு தருவாரா என்ற கேள்வி. ஒரு நிமிடம் போதும். சிறுதொழில் விவகாரங்களைப் பார்க்கும் சட்ட உதவியாளர் யார் என்று கேட்டு, வைப்பதற்கு முன் அவர் மின்னஞ்சலை எழுதிக்கொள்ளுங்கள். அன்றே அந்த ஒரு பக்கத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.